அவையள்

தேனீக்குக் குளிர்காலம்னு ஒண்ணு உண்டுன்னு ரசலையனுக்குத் தெரிஞ்சதே கடல் தாண்டி இந்த வடக்குச் சீமைக்கு வந்த பிறகுதான். மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டத்துல பெட்டி வெச்சுத் தேன் எடுத்தவன் அவன். அங்க ஈக்கு மழைக்காலம் பட்டினிக்காலம், அவ்வளவுதான். கொஞ்சம் சீனிப்பாகு வெச்சாத் தாண்டிரும். இங்க அப்படி இல்ல. புரட்டாசி முடியுறதுக்குள்ள புல்லு நுனியில வெள்ளை ஒட்டிக்கிடும். அதுக்கப்புறம் ஆறு மாசத்துக்கு இந்த மண்ணுல பூன்னு ஒண்ணு கிடையாது.

வந்ததுல இருந்து வருஷா வருஷம் பெட்டிகளைக் குளிருக்குத் தயார் பண்றது அவன்தான். அதுல அவன் கை பேர்போன கை. ஆனா அந்தக் குளிர்காலத்தை மட்டும் ஒரு நாள்கூட அவன் கண்ணால பாத்ததில்ல.

ஏன்னா அவனும் தூங்கிருவான்.

அந்தப் பண்ணையில காவலுக்கு ஒரு ஆளைத் தவிர எல்லாருமே தூங்குவாங்க. குளிர் மாசங்கள்ல ஆளுங்களைச் சூடா வெச்சிருக்க எரிபொருள் இல்ல. வீட்டுக்கு அனுப்பி வைக்க விமானமும் இல்ல, அதெல்லாம் நின்னு ரொம்ப காலமாச்சு. அதனால கடைசிப் பெட்டியை நிலவறைக்குள்ள இறக்கினதும் ஆளுக்கொரு ஊசி. குளிர் தாங்குற ஈயோட கொழுப்புல இருந்து எடுத்த மருந்துன்னு சொல்லுவாங்க. பக்கத்து நிலவறையில கட்டில் போட்டிருக்கும். படுத்து எழும்பினா பங்குனி மாசம். இடையில வயசுகூட ஏறாது.

அந்த வயசு விஷயந்தான் அவன் வீட்டுல பெரிய சண்டை.

"நீங்க அங்க தூங்கித் தூங்கி இளந்தாரியாப் போறிய"ன்னு அவன் பெண்டாட்டி கனகபாய் போன்ல கத்தினா. "கல்யாணத்தப்போ எனக்கு ரெண்டு வயசு மூத்தவரு. இப்பம் கணக்குப் பாத்தா ரெண்டு பேரும் ஒரே வயசு. இன்னும் கொஞ்சம் வருஷம் போனா என்னைய அக்கான்னு கூப்பிடுவியளா? நானும் வாறேன்."

வந்துட்டா. சித்திரையில கப்பல்ல வந்து இறங்கினவ, ஒரு வாரத்துல பெட்டியைத் திறக்கப் படிச்சுக்கிட்டா. ஒரு மாசத்துல பண்ணையில பாதிப் பேர்கூட சண்டையும் போட்டுட்டா. பஞ்சாப்காரங்க, மெக்ஸிகோகாரங்க, பிலிப்பைன்ஸ்காரங்கன்னு ஆளாளுக்கு ஒரு பாஷை. கனகபாய்க்குத் தமிழ் ஒண்ணுதான். அதை வெச்சே எல்லாரையும் திட்டினா. ரமோன்னு ஒரு மெக்ஸிகோக்காரன், ஊர்லருந்து அவ கொண்டு வந்த நார்த்தங்கா ஊறுகாயைக் கெட்டுப்போனதுன்னு நினைச்சுக் குப்பையில கொட்டிட்டான். அன்னையிலேர்ந்து அவன் இருக்கிற பக்கம்கூட அவ திரும்புறதில்ல. பேரைச் சொன்னாலே "அந்தச் சவம்"தான்.

புரட்டாசியில வேலை மும்முரமாச்சு. ஈ மேல ஒட்டுற செள்ளுக்கு மருந்து வைக்கிறதுதான் முதல் வேலை. டப்பாவைத் திறந்ததும் கனகபாய் மூக்கை உறிஞ்சினா.

"இது ஓமவாட்டர் வாசம்லா? ஈக்கு வயித்து வலியாக்கும்?"

"ஓமத்துல இருக்கிற அதே சத்துதான். செள்ளு செத்து விழும். அதை விட்டு வெச்சா குளிர்ல இருந்து ஒரு ஈகூட மிஞ்சாது."

அப்புறம் பெட்டி பெட்டியா பின்பக்கத்தை ஒரு கையால தூக்கிப் பாப்பான். தூக்க முடியாத பெட்டியில தேன் போதும்னு அர்த்தம். சட்டுனு மேல வர்ற பெட்டிக்குக் கெட்டிப் பாகு. வாசலைச் சின்னதாக்கி எலி நுழையாம தகரம் அடிக்கணும். கூட்டம் குறைஞ்ச பெட்டியைப் பலமான பெட்டியோட சேத்துரணும். எல்லாம் முடிஞ்சதும் மேல் மூடியில ஒரு சின்னத் துவாரம் விடுவான். அதைப் பாத்துக் கனகபாய் பதறினா.

"இவ்வளவு குளிருக்குத் துவாரம் விட்டா செத்துராதா?"

"குளிர் கொல்லாது கனகம். ஈரந்தான் கொல்லும். அதுங்க விடுற மூச்சு மேல போய்த் தண்ணியாகி அதுங்க தலையிலேயே சொட்டும். நனைஞ்ச ஈ விடியலைப் பாக்காது. துவாரம் இருந்தா ஈரம் வெளிய போயிரும். சூடு அதுங்களே உண்டாக்கிக்கிடும்."

"எப்படி?"

"ஒண்ணா உருண்டைகட்டி நடுங்குமாம். நான் பாத்ததில்ல."

அந்த மாசம் பூரா மனுஷனுக்கும் அதே கவனிப்புதான். மூணு வேளையும் நெய்யும் இனிப்பும். தலையில பேன் இருக்கான்னு பாத்தாங்க. எடை நிறுத்தாங்க. "நம்மளையும் பின்பக்கம் தூக்கிப் பாப்பாவளோ?"ன்னு கேட்டு கனகபாய் சிரிச்சுக்கிட்டா.

ரசலையனுக்குச் சிரிப்பு வரல. போன குளிர்ல வேற ஒரு பண்ணையில தூங்கின ஒரு பொம்பள எழும்பவே இல்ல. ஏன்னு யாரும் சொல்லல. கனகபாய்க்கு இது முதல் தூக்கம். அதனால இந்தத் தடவை நிலவறைக்குக் காவலா நானே இருக்கேன்னு அவன் கேட்டு வாங்கிக்கிட்டான். ஆறு மாசம் தனியா, முழிச்சுக்கிட்டு. வேற யாரும் கேக்காத வேலை.

"நான் தூங்கணும், நீங்க இருந்து வயசு போடுவியளாக்கும்?" கனகபாய்க்குக் கோவம்.

"மறுபடி உனக்கு மூத்தவன் ஆயிருதேன். கணக்கு நேராயிரும்."

"நல்ல கணக்கு"ன்னு சொல்லிட்டு கையை நீட்டினா. நாகேஸ்வரி அவ கையைப் பைய அழுத்திப் பிடிச்சு ஊசியைப் போட்டா.

நாகேஸ்வரி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஊசி போடுறதும் அவதான், வருஷா வருஷம் இந்த நிலவறைக்குக் காவல் இருந்ததும் அவதான். இப்போ அவளைத் தூரத்துப் பண்ணைக்குக் காவலா மாத்திருந்தாங்க. கிளம்புறப்போ வாசல்ல நின்னு ரசலையன்கிட்ட ஒவ்வொண்ணா சொன்னா.

"மேல் துவாரத்தில ஐஸ் பிடிச்சால் தட்டி விடுங்கோ. வெளிச்சம் போடக்கூடாது. சிவப்பு லைட் மட்டும். பிறகு அண்ணை, நடுக்குளிருக்க அவையள் ஒண்டாச் சேருவினம். கண்டால் பயப்பிடாதேங்கோ. என்ன வந்தாலும் அவையளைப் பிரிச்சுப் போடாதேங்கோ. விளங்குதே?"

"எனக்கா சொல்லித் தரணும்? ஈ உருண்டைகட்டுறதை யாராவது பிரிப்பாங்களா?"

அவ ஏதோ சொல்ல வாயைத் திறந்தா. அதுக்குள்ள வண்டிக்காரன் ஹாரன் அடிச்சுட்டான். "வயர்லெஸ்ல கதைக்கிறன்"னு ஓடிட்டா.

அப்படித்தான் ரசலையன் முதல் தடவையா குளிர்காலத்தைப் பாத்தான்.

முதல்ல ஈ இருந்த நிலவறை. சூட்டைக் காட்டுற ஒரு கண்ணாடித்திரை அங்க உண்டு. இருட்டுல பெட்டிக்கு நேரா பிடிச்சா உள்ள இருக்கிற சூடு வெளிச்சமாத் தெரியும். அவன் பிடிச்சுப் பாத்தான். பெட்டிக்கு நடுவுல ஒரு சின்னச் சூரியன். வெளிய மரம் வெடிக்கிற குளிரு, உள்ள கைப்பிடி ஈ ஒரு சூரியனை வெச்சுக்கிட்டு இருக்கு. உத்துப் பாத்தா அது சும்மாவும் இல்ல. ஓரத்துல விறைச்சுக்கிட்டிருந்த ஈ பைய உள்ள போகுது, உள்ள காஞ்ச ஈ வெளிய வந்து முதுகைக் குளிருக்குக் குடுக்குது. யாரும் யாரையும் தள்ளல. உள்ள போனது உள்ளேயே இருக்கவும் இல்ல. பெட்டியில காதை வெச்சான். கரைக்குத் தூரத்துல இருந்து வர்ற கடல் சத்தம் மாதிரி ஒரே மூச்சு. அவன் கையெடுத்துக் கும்பிடல, ஆனா அப்படி ஒரு நினைப்பு வந்துச்சு. இவ்வளவு காலம் இதைப் பாக்காம தூங்கியிருக்கோமேன்னு நொந்துக்கிட்டான்.

'ஒண்ணாச் சேரும்னு நாகேஸ்வரி சொன்னது இதைத்தான்'னு நினைச்சான். நினைச்சதுதான் தப்பு.

மார்கழி பாதியில ஒரு பகல். பகல்னு கடிகாரந்தான் சொல்லுது, வெளிய மங்கல். வழக்கம்போல சிவப்பு விளக்கோட ஆளுங்க இருக்கிற நிலவறைக்குள்ள போனான். கட்டில் எல்லாம் காலி.

விளக்கை அங்க இங்க அடிச்சான். நடுத்தரையில ஒரு குவியல். கிட்டப் போனப்புறந்தான் அது ஆளுங்கன்னு தெரிஞ்சது. முப்பது பேரும் தூக்கத்துலேயே கட்டிலை விட்டு இறங்கி, தவழ்ந்தோ உருண்டோ வந்து, ஒருத்தர் மேல ஒருத்தரா உருண்டைகட்டிக் கிடந்தாங்க. யார் கை யார் காலுன்னு சொல்ல முடியாது. ஆம்பள, பொம்பள, தாடி, சடை, எல்லாம் ஒண்ணாப் பின்னிக் கிடந்துது. அந்தக் குவியலுக்கு உள்ள கனகபாய். அவ முகம் ரமோன் நெஞ்சுல புதைஞ்சிருந்துது. அவன் கை அவ முதுகைச் சுத்தி இருந்துது.

அந்த நேரம் ரசலையனுக்கு வேற எதுவும் தோணல. மானக்கேடுங்கிற ஒரு சொல்லுதான் மண்டைக்குள்ள அடிச்சுது. மருந்து ஏதோ புத்தியைக் கெடுத்துருச்சு, நாளைக்கு எழும்பினா இந்தப் பொம்பளைங்க முகத்துல எப்படி முழிப்பாங்கன்னு நினைச்சான். ஒவ்வொருத்தரா பிரிச்சு இழுத்தான். விரலு விரலாக் கழட்ட வேண்டியிருந்துச்சு. கட்டிலை எல்லாம் தள்ளி, ஊர்ச் சபையில ஜெபத்துக்கு உக்கார்ற மாதிரி வலப்பக்கம் ஆம்பள, இடப்பக்கம் பொம்பள, நடுவுல நடைபாதைன்னு போட்டு முடிச்சான். மறுபடி இறங்கிறக் கூடாதுன்னு கட்டில்ல இருந்த வாரை இறுக்கினான். கனகபாய்க்குத் தன்னோட கம்பளியையும் போட்டான். ரமோனைப் பாக்காம விளக்கைத் திருப்பிக்கிட்டான்.

கொஞ்ச நேரம் கழிச்சு வந்து பாத்தப்போ நிலவறையே மாறியிருந்துச்சு. கூரையில அங்கங்க வெள்ளை. கட்டில் கம்பியில கையை வெச்சா ஒட்டிக்குது. ரெண்டு வரிசையிலேயும் எல்லாரும் வாரை முட்டிக்கிட்டு நடைபாதைப் பக்கமா ஒருக்களிச்சுக் கிடந்தாங்க. கனகபாய் உதடு நீலம். "கனகம்"னு கன்னத்துல தட்டினான். மூக்குல விரலை வெச்சுக் காத்திருந்தான். ரொம்ப நேரத்துக்கு அப்புறம் ஒரு மூச்சு வந்துச்சு. அடுத்தது வரும்னு அவனுக்கு நம்பிக்கை இல்ல.

வயர்லெஸ்ஸுக்கு ஓடினான்.

"நாகேஸ்வரி! எனக்க பெண்டாட்டி விறைச்சுக் கிடக்கா. எல்லாரும் விறைச்சுக் கிடக்காங்க."

"ஏன்? ஒண்டாக் கிடக்கேல்லையே?"

"கிடந்தாங்க. அசிங்கமாக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு. நான் பிரிச்சுப் போட்டுட்டேன்."

அந்தப் பக்கத்துக் குரல் கீறிக்கிட்டு வந்துச்சு. "அண்ணை, நான் படிச்சுப் படிச்சுச் சொன்னனான். அவையளைப் பிரிக்காதேங்கோ எண்டு!"

"அது ஈயைத்தானே சொன்னீங்க!"

"ஈயெண்டால் 'அதுகள்' எண்டெல்லோ சொல்லியிருப்பன்! 'அவையள்' எண்டால் ஆக்கள். எங்கட ஊரில ஆக்களைத்தான் அப்பிடிச் சொல்லுறது!"

ரசலையன் பள்ளிக்கூடத்துல படிச்ச தமிழ்ல 'அவைகள்'னா ஆடு மாடு, மேசை நாற்காலி. மனுஷனை யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்ல.

"இப்பம் நான் என்ன செய்ய?"

"ஓடிப்போய் ஒண்டாப் போடுங்கோ. கேளுங்கோ, அந்த மருந்தைச் செய்தவை, ஈயின்ர கொழுப்பை மட்டுந்தான் எடுத்தம் எண்டு நினைச்சவை. ஈயின்ர பழக்கமும் கூட வந்திட்டுது. தனிச்சுப் படுத்தால் ஆக்கள் எழும்ப மாட்டினம். கொம்பனி ஆளுக்கொரு கட்டில் எண்டு சட்டம் வச்சிருக்கு. காவலுக்கு இருக்கிற நாங்கள்தான் கண்ணை மூடிக்கொண்டு விடுறது."

"தூங்குறவங்களுக்கு ஏன் யாரும் சொல்லல?"

"சொன்னால் ஒருத்தராவது படுப்பினமோ? நீங்கள் படுத்திருப்பியளோ? போன குளிருக்கு நீங்கள் ஆரைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிடந்தனீங்கள் எண்டு சொல்லட்டே?"

"வேண்டாம் தாயே."

"அப்ப ஓடுங்கோ!"

வாரை அவுத்தான். முதல்ல கனமான ஆம்பளைங்களை இழுத்துக்கிட்டு வந்து நடுத்தரையில போட்டான். அவங்களைச் சுத்திப் பொம்பளைங்க. எல்லாரையும் நெருக்கி நெருக்கி வெச்சான். ஒண்ணும் நடக்கல. விறகு அடுக்கின மாதிரி அப்படியே கிடந்தாங்க. அவன் ஊர் மழையில நனைஞ்சு விறைச்ச ஈயைக் கைக்குழியில வெச்சு ஊதினது உண்டு. முப்பது பேரை எந்தக் கையில வெச்சு ஊத?

கடைசியாக் கனகபாயைத் தூக்கினான். தூக்கிக்கிட்டு நின்னான். யார்கிட்ட விட? உள்வட்டத்துல ஒரே ஒரு இடந்தான் இருந்துது, ரமோனுக்கும் தாடிக்காரன் ஒருத்தனுக்கும் நடுவுல. "சவத்துக்கிட்டேயாக்கும் என்னைய விடுதிய?"ன்னு அவ கேக்கிற மாதிரியே இருந்துச்சு. குனிஞ்சு, அவளை ரமோன் நெஞ்சோட சேத்துப் படுக்க வெச்சு, ரமோனோட விறைச்ச கையை எடுத்துத் தன் பெண்டாட்டி முதுகைச் சுத்தித் தானே போட்டான்.

"அவளை விட்டுராதேப்பா"ன்னான்.

ரமோனோட விரல் அசைஞ்சுது.

அப்புறம் தோள். ஒரு நடுக்கம் அவன் தோள்ல தொடங்கி, கனகபாய் முதுகுல ஏறி, அடுத்தவ கழுத்துக்குப் போச்சு. வயக்காட்டுல காத்து போற மாதிரி அந்தக் குவியல் பூரா ஒரு சுத்து வந்துச்சு. மறுபடியும் ஒரு சுத்து. கையெல்லாம் தானா நகந்து பிடிச்சுக்கிட்டுது. இடைவெளி எல்லாம் மூடிக்கிச்சு. ரசலையன் கண்ணாடித்திரையை எடுத்துப் பாத்தான். மங்கின செங்கல் மாதிரி இருந்தது மஞ்சளாச்சு, மஞ்சள் வெள்ளையாச்சு. தரையில ஒரு சூரியன் உதிச்சுக்கிட்டு இருந்துச்சு. ஒருத்தருக்கொருத்தர் பாஷை தெரியாத, பகல்ல பாத்தா முகத்தைத் திருப்பிக்கிற ஆளுங்க செஞ்ச சூரியன்.

அவன் தரையில உக்காந்துட்டான். எவ்வளவு நேரம்னு அவனுக்குத் தெரியாது.

அதுக்கப்புறம் தினமும் போய்ப் பாப்பான். உள்ள இருந்தவங்க பைய வெளிய வர்றதும் வெளிய இருந்தவங்க உள்ள போறதும் நடந்துக்கிட்டே இருந்துச்சு. ஒரு நாள் போனப்போ கனகபாய் வெளிவட்டத்துல இருந்தா. முதுகு வெறுங்காத்துல. உடம்பு வெடவெடன்னு ஆடுது. அவளுக்குள்ள முகம் புதைச்சு ரமோன் நிம்மதியாத் தூங்குறான். அவளை உள்ள தள்ளிரலாம்னு ரசலையன் கை ரெண்டு தடவை போச்சு. ரெண்டு தடவையும் திரும்பி வந்துச்சு. இது அவ முறை. அதைக் கெடுக்க புருஷனுக்கும் உரிமை இல்லன்னு அவனுக்கே தோணிச்சு. அவ முறை முடியுற வரைக்கும் கொஞ்சம் தள்ளி உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தான்.

பங்குனியில கூரையில தண்ணி சொட்டிச்சு. வெளிய வெயில்ல பெட்டிகளைத் தூக்கி வெச்சான். ஒவ்வொண்ணுலேயும் ஈ வந்து வாசல்ல சோம்பல் முறிச்சுது. அன்னைக்கே ஆளுங்களும் எழும்பினாங்க. முப்பது பேரும்.

ரசலையன் பெரிய கெட்டில்ல பாலில்லாத கட்டங்காப்பி போட்டுக்கிட்டு ஓடினான். எல்லாரும் தரையில வட்டமா உக்காந்திருந்தாங்க. யாருக்கும் வெக்கம் இல்ல, பதட்டம் இல்ல, எங்க இருக்கோம்ங்கிற கேள்வியே இல்ல. "கனகம்!"னு கூப்பிட்டான்.

அவ திரும்பினா. கூடவே முப்பது தலையும் திரும்புச்சு. முப்பது மூக்கும் ஒண்ணா காத்தை உறிஞ்சுது. கனகபாய் அவனைப் பாத்த பார்வையில கோவம் இல்ல, பாசமும் இல்ல. வாசல் ஈ வேத்துப் பெட்டி ஈயைப் பாக்குமே, அந்தப் பார்வை.

அவன் கால் அங்கேயே நின்னுருச்சு. ஆறு மாசம் இவளுக்காகத் தூங்காம இருந்தவன் இப்ப இவளுக்கு வெளியாள்.

வட்டத்துல இருந்தது ஒரே ஒரு காப்பி மக்கு. காப்பியை ஊத்தினான். முதல்ல ரமோன் ஒரு வாய் குடிச்சுட்டுத் தாடிக்காரன்கிட்ட குடுத்தான். அவன் குடிச்சுட்டு அடுத்தவகிட்ட. கைமாறிக் கைமாறிக் கனகபாய்கிட்ட வந்துச்சு. வீட்டுல அவ டம்ளர்ல உதடு பட்டதை ரசலையன் பாத்ததே இல்ல, புருஷன் எச்சில்னாகூட கழுவித்தான் குடிப்பா. அவ மக்குல வாயை வெச்சுக் குடிச்சா. குடிச்சுட்டு அவனை ரொம்ப நேரம் பாத்தா. எங்கேயோ கிடந்து ஏறி வர்ற மாதிரி அவ கண்ணுக்குள்ள ஒண்ணு வந்துச்சு. மக்கை அவன் பக்கமா நீட்டினா.

"குடிங்க"ன்னா.

அவன் வட்டத்துக்குள்ள உக்காந்து குடிச்சான். காப்பி தொண்டையில இறங்கினப்போ எல்லார் தொண்டையும் ஒண்ணா அசைஞ்சுது. அப்புறந்தான் கனகபாய் அவளாட்டம் ஆனா. "எதுக்கு இப்படி மெலிஞ்சு போயிருக்கிய? ஒழுங்காத் தின்னலியாக்கும்?"னு அவன் தாடையைப் பிடிச்சுத் திருப்பினா.

அவனுக்கு வேற ஒண்ணு ஞாபகம் வந்துருச்சு, தூக்கக் கலக்கத்தோட மறந்தே போயிருந்த ஒண்ணு. முந்தின வருஷங்கள்ல அவன் எழும்பினப்போ கெட்டிலோட வாசல்ல நின்ன ஒருத்தி. அவளைப் பாத்ததும் காரணமே இல்லாம ஒரு வெறுப்பு வரும். காப்பியை வாங்கிக்கிட்டு எல்லாரும் முதுகைத் திருப்பிப்பாங்க. அவனும்தான். அவளுக்கு அந்த வட்டத்துல யாரும் இல்ல. மக்கை நீட்டவும் யாரும் இல்ல.

எழும்பிப் போய் வயர்லெஸ்ஸை எடுத்தான்.

"நாகேஸ்வரி, உங்க ஆளுங்க எழும்பியாச்சா?"

"எல்லாரும் சுகம் அண்ணை. கோப்பி ஊத்திக் குடுத்திட்டு வெளியில நிக்கிறன்."

"நீங்க குடிச்சியளா?"

"எனக்குப் பழகிட்டுது அண்ணை."

"அங்கேயே நில்லுங்க"ன்னான் ரசலையன். "வாறோம்."

சொல்லிட்டு வண்டிச் சாவியைத் தேடித் திரும்பினான். முப்பது பேரும் ஏற்கெனவே எழும்பி நின்னு பூட்ஸை மாட்டிக்கிட்டு இருந்தாங்க. ரமோன் மிச்சக் காப்பி இருந்த மக்கை, சிந்தாம, ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு வாசல்ல நின்னான்.

ரசலையன் பேசினது தமிழ்ல.